சேஷன் வேஷ்டி தோய்த்த கதை

பூமியைக் காப்பாற்ற ஓர் ஆணுக்கு என்னென்ன வேண்டும் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியும். நல்ல குரல் வேண்டும், நிறைய ஓய்வு வேண்டும், சொன்ன வேலையைச் செய்ய ஒரு பெண்டாட்டி வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுச் சேஷனுக்கு இதெல்லாம் ஆண்டவன் குறைவில்லாமல் கொடுத்திருந்தான்.

திருவனந்தபுரம் வலியசாலையில் அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. கொல்லையில் கிணறும் ஒன்றுதான். நடுவில் சுவர் எழுப்பி, அரை வட்டம் அவர்களுக்கு, அரை வட்டம் எங்களுக்கு. அவர்கள் வாளியை விட்டால் எங்கள் பக்கத்துத் தண்ணீர் ஆடும். ஆகையால் அந்த வீட்டில் என்ன குழம்பு, என்ன சண்டை, எந்தச் சோப்பு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. காதைப் பொத்திக்கொண்டு பாத்திரம் தேய்க்க முடியாது, அவ்வளவுதான்.

சேஷன் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். கெட்ட மனுஷர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லாத ஆண்களுக்கு நாற்பது வயசுக்கு மேல் கொள்கை பிடித்துக்கொள்ளும். அதற்குச் சீட்டாட்டமே தேவலை. ஒரு வருடம் வேகவைக்காத காய்கறி. அடுத்த வருடம் கலர் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி வெயிலில் வைத்துக் குடிப்பது. காய்கறியை நறுக்கியதும் பாட்டில்களை மொட்டைமாடிக்கு ஏற்றி இறக்கியதும் பெண்டாட்டி விஜயம். கொள்கை மட்டும் அவருடையது.

விஜயம் கல்லிடைக்குறிச்சிப் பெண். கல்யாணமாகி இங்கே வந்தபிறகுதான் மலையாள எழுத்தே கற்றுக்கொண்டாள். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதி, ஒரு டைரக்டரேட்டில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அடுத்த படி, டைப்பிஸ்டுகளை மேய்க்கிற ஃபேர் காப்பி சூப்பிரண்டு. அதற்கு மலையாள டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சை தேற வேண்டும். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் வேகம் போதாமல் போயிற்று. மூன்றாவது தடவை 1999 ஆகஸ்டில். இதுவும் போனால், அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பிள்ளைகள் மேலே போய் உட்கார்ந்துகொண்டு அவள் அடித்த தாளில் சிவப்பு மையில் வட்டம் போடுவார்கள். இதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை.

அந்த வருடம் மாசி மாதத்தில் அவள் விரல் நுனிகள் வெடிக்கத் தொடங்கின. முதலில் தோல் உரிந்தது, பிறகு கோடு கோடாகப் பிளந்தது. மலையாள மெஷினில் ஷிஃப்ட் கட்டையை அழுத்தி அழுத்திச் சுண்டுவிரலுக்குத்தான் ஓயாத வேலை. மோசமாக வெடித்ததும் அந்தச் சுண்டுவிரல்தான். புருஷன் கலர் பாட்டில் தண்ணீரைத் தடவச் சொன்னார். நான் அவளை இழுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போனேன். டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சோப்புப் பொடி ஒத்துக்கொள்ளவில்லை, மூன்று மாதம் துணி தோய்க்கக் கூடாது, வேறு யாராவது தோய்க்கட்டும் என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தாள். இதைவிடத் தெளிவாக ஒரு டாக்டரால் பேச முடியாது.

இங்கே மடி வந்து குறுக்கே நின்றது. குளித்துவிட்டு, அந்த ஈரத்தோடு துணியைத் தோய்த்து, உயரக் கொடியில் கழியால் எடுத்து உலர்த்தி, மறுநாள் பூஜைக்கு உடுத்தும்வரை யார் கையும் படாமல் வைத்திருப்பதற்குப் பெயர் மடி. சேஷனுக்குத் தினம் ஒரு மடி வேஷ்டி வேண்டும். காலையில் அதை உடுத்திக்கொண்டு ஜபம் செய்வார். ஒன்பது மணிக்கு பேண்ட் மாட்டிக்கொண்டு, திருவனந்தபுரத்தின் பாதி ஜனம் மேலே சாய்ந்துகொண்டு வரும் பஸ்ஸில் ஆபீஸ் போவார். அதில் ஒன்றும் கெடாது.

அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்தவள் சுடலைமாடத்தி. வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் கட்டட வேலைக்கு வந்தபோது கூடவே வந்து இங்கேயே தங்கிவிட்டவள். விஜயத்தின் கையைப் பார்த்துவிட்டு அவளே முன்வந்து கேட்டாள்.

"அம்மா கை இப்பிடி ஆயிப்போச்சே. துணிய நான் அலக்கித் தாறேன் சாரே."

"மடி வேஷ்டியை வேத்தாள் தொடப்படாது" என்றார் சேஷன். பேப்பரிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை.

மற்றத் துணியையாவது கொடுக்கலாமே என்று நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன். வாளி எடுக்கும்போது பேச்சுக் கொடுப்பது எங்கள் இரு வீட்டுக்கும் வழக்கம். எல்லாம் ஒரே கல்லில் தோய்க்கிறது நீலா, அதை இதைத் தொட்டுண்டு எங்கே மடி பார்க்க என்று சேஷனிடமிருந்தே பதில் வந்தது. வாஷிங் மெஷின் கரண்டைத் தின்னும், தண்ணீரைக் குடிக்கும். அதுவும் ஆகாது. கரண்டும் தண்ணீரும் வீணாகக் கூடாது என்பதில் அவருக்கு இருந்த அக்கறை மெய்சிலிர்க்க வைத்தது.

அந்த வாரமே ஏதோ ஒரு ஹாலில் பிளாஸ்டிக்கைப் பற்றி ஒரு கூட்டம். சேஷன் போய்விட்டு வந்தார். வந்தவர் நேரே கொல்லைக்குப் போய், சோப்புப் பொடிப் பாக்கெட்டை வாலைப் பிடித்து எலியைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தார். இந்தக் கவர் நானூறு வருஷம் மக்காது, இந்த நுரை நம் கிணற்றுக்குள்தான் இறங்குகிறது என்று மகள் மீராவுக்குப் பாடம் நடத்தினார். அவர் சொன்னதில் தப்பில்லை. நுரை எங்கள் அரை வட்டத்திலும் மிதந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு அடுத்தாற்போல் சொன்னதுதான் விசேஷம்.

"விஜயம், கோளாறு கையில இல்லை. பொடியிலயாக்கும். பொடியை மாத்திட்டாக் கை தன்னால சரியாகும்."

டாக்டர் சொன்னது கையை மாற்ற. அவர் மாற்றப் புறப்பட்டது பொடியை. பிளாஸ்டிக் இல்லாத, விஷம் இல்லாத, பூமிக்கு இதமான ஒரு சலவைப் பொருளை வீட்டுக்குத் தேர்ந்தெடுக்கும் மகத்தான பணி அன்று தொடங்கியது.

முதலில் இஞ்சை. குளிக்கும்போது உடம்பு தேய்க்கிற அந்த நார்ப்பட்டைதான். உடம்பைத் தேய்த்தால் துணியைத் தேய்க்காதா என்று கேட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை தம்பானூரில் பஸ் ஏறி மலையடிவாரத்து வித்துராச் சந்தைக்குப் போனார். காட்டுக் கொடியால் கட்டிய இரண்டு பெரிய கட்டு வாங்கி, ஒரு துளி பிளாஸ்டிக் இல்லை பார் என்று தோளில் போட்டுக்கொண்டு வந்தார். விஜயம் அதைச் சதைத்து, ஊறவைத்து, வேஷ்டிக்குப் போட்டுத் தேய்த்தாள். உலர்ந்தபின் வேஷ்டி செங்காவியாக இருந்தது. மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு அவர் வாசலில் நின்றபோது, சந்நியாசம் எப்போது வாங்கினீர்கள் என்று தெருவில் இரண்டு பேர் கேட்டார்கள். இஞ்சை ரிட்டயர் ஆனது.

அடுத்து கொட்டாங்கச்சிச் சாம்பல். அது ஒரு வாரம். சாம்பல் தண்ணீர் வெடிப்பில் இறங்கியபோது விஜயம் கையை உதறிக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். சாம்பலைச் சரியாகச் சலிக்கவில்லை என்று அவர் அபிப்பிராயப்பட்டார்.

கடைசியில் பூந்திக்கொட்டை. சாலைக் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடைக்காரர் கொட்டையை பிளாஸ்டிக் பையில் போட, இவர் வேண்டாம் என்று அங்கேயே ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டுத் துண்டில் முடிந்து வாங்கி வந்தார். பாதி வழியில் முடிச்சு அவிழ்ந்து கொட்டை ரோடெல்லாம் உருண்டது. ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்திப் பொறுக்கிக் கொடுத்தார்களாம். மலையாளிகளுக்கு இயற்கைமேல் என்ன அன்பு என்று அதைத் தெருவில் நாலு பேரிடம் சொன்னார். நடுரோட்டில் குந்தியிருந்த ஆளை எழுப்பி அனுப்பினால்தான் வண்டி போகும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பூந்திக்கொட்டை நல்ல சரக்குதான், நான் குறை சொல்லமாட்டேன். பட்டுக்கும் நகைக்கும் அதைப்போல ஒன்று கிடையாது. ஆனால் மூன்று பேர் தினம் அவிழ்த்துப் போடுகிற துணிக்கு அதை என்ன பாடுபடுத்த வேண்டும் என்று தெரியுமா? தட்டி உடைக்க வேண்டும். உள்ளே இருக்கிற கறுப்பு விதையை நகத்தால் நோண்டி எடுக்க வேண்டும். ஊறவைத்து, கொதிக்கவைத்து, கசக்கி, வடிகட்ட வேண்டும். பொடி மூக்கில் ஏறினால் அரைமணி நேரம் தும்மல். இத்தனைக்கும் பிறகு நுரை வருகிற மாதிரி வந்து போய்விடும். பொடியில் ஒரு தடவை கும்மின துணியை இதில் நாலு தடவை அடித்துத் தோய்க்க வேண்டும். நகத்தால் விதை நோண்டியதும் கல்லில் அடித்ததும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. வீட்டுக்குள் கொடி கட்டியதில் பூந்திக்கொட்டை வாடை சுவரைத் தாண்டி என் சமையலறைக்கு வந்தது. மீராவின் வெள்ளை யூனிஃபாரம் சட்டை டீத்தண்ணி நிறமாகிவிட்டது. கிளாஸில் எல்லாரும் கேட்கிறார்கள், என்னால் முடியாது, எனிக்கு வய்யா என்று அவள் மலையாளத்தில் கத்தினாள். சேஷன் அசையவில்லை. பூமி பெரிதா சட்டை பெரிதா என்றார்.

ஜூலையில் தெருச் சங்கத்தின் கூட்டத்தில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். நானும் போயிருந்தேன். என்ன அழகான பேச்சு! நம் முன்னோர் பிளாஸ்டிக் அறியாதவர்கள், மடி என்பதே நம் பரம்பரை கண்டுபிடித்த சுற்றுச்சூழல் விஞ்ஞானம், அதை எங்கள் அகத்தில் ஒரு அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறோம், மூன்று மாதமாக எங்கள் கிணற்றில் நுரை கிடையாது என்றார். பின் வரிசையிலிருந்து வடிவாம்பாள் மாமி, விதையை யார் எடுக்கிறது என்று கேட்டாள். அதெல்லாம் ஒரு வேலையா, ஊறப்போட்டாத் தீர்ந்தது என்று அவர் சிரித்தார். விஜயம் என் பக்கத்தில் கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் கவரில் வந்திருந்தது. கவரை அவரே பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கு நாலாம் நாள் சாயங்காலம் விஜயம் தம்பானூர் டைப் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். அன்று அடித்த தாளை நீட்டினாள். வரிக்கு இரண்டு இடத்தில் சிவப்புப் பொட்டு. யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அது மை இல்லை, ரத்தம். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்கூட முழுதாக இல்லை. எனக்கு வந்த கோபத்தில் சுவரேறிக் குதித்து அந்த மனுஷனை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானே பாத்துக்கறேன் நீலா என்றாள்.

மறுநாள் காலை சேஷன் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு கிணற்றடியில் நின்றிருந்தார். விஜயம் பூந்திக்கொட்டைத் தண்ணீர் வாளியையும் வேஷ்டியையும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"ஏன்னா, அன்னிக்கு நாலு பேருக்கு முன்னால மடியில ஒரு அட்சரம் பிசகாதுன்னேள். மடின்னா உடுத்தறவா தானே தோய்ச்சுக்கணும்? உங்கப்பா தள்ளாத வயசுலயும் இதே கல்லுலதான் அவர் வேஷ்டியை அவரே தோய்ச்சார். இனிமே நீங்களே தோய்ச்சுக்கோங்கோ. கொல்லைக்கு வந்ததுதான் வந்தேள், எங்க துணியையும் சேத்து. எனக்கு விரல்ல ரணம். ரத்தம் பட்ட துணி மடி ஆகுமோ?"

மூன்று மாதமாக முன்னோரைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரிந்தவரால் இப்போது அவர்களைக் கீழே இறக்கிவிட முடியவில்லை. வாளியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் தண்ணீர் இறைக்காமல் நிற்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உட்கார்ந்து தோய்க்க ஆரம்பித்தார்.

அடுத்த பத்து நாள் எங்கள் கிணற்றடி கண்கொள்ளாக் காட்சி. கொட்டை உடைத்தார், கூடவே விரலையும் தட்டிக்கொண்டார். தும்மித் தும்மி ஜபம் விட்டுப்போனது. ஆபீஸுக்கு மூன்று நாள் லேட். வேஷ்டி தேன் நிறத்திலிருந்து வெல்ல நிறத்துக்குப் போனது. ஊறப்போட்டாத் தீர்ந்ததா என்று சுவருக்கு மேலாகக் கேட்க எனக்கு நாக்குத் துறுதுறுத்தது. கேட்டும்விட்டேன்.

பதினோராம் நாள் அதிசயம் நடந்தது. கொடியில் வேஷ்டி பால் வெள்ளையாகத் தொங்கியது. மீராவின் சட்டை கண்ணைப் பறித்தது. பூந்திக்கொட்டையை ஒரு குறிப்பிட்ட பக்குவத்தில் புளிக்கவைக்க வேண்டும், அது கைவந்துவிட்டது என்று சேஷன் சொன்னார். தோய்க்கும்போது யாரும் கொல்லைப்பக்கம் வரக்கூடாதாம், பக்குவம் கெட்டுவிடுமாம். அந்தப் பக்குவத்தில் பூந்திக்கொட்டைக்கு எலுமிச்சம்பழ வாசனை எப்படி வந்தது என்பதை மட்டும் அவர் விளக்கவில்லை.

அடுத்த மழையில் என் கொல்லைச் சாக்கடை அடைத்துக்கொண்டது. குச்சியை விட்டுக் குத்தினேன். நீல நீலமாக வெளியே வந்தது. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குமே, அந்த ஒரு ரூபாய் சோப்புப் பொடிப் பாக்கெட்டுகள். கிணற்றுச் சுவரின் அடியில் இருந்த ஓட்டைக்குள் ஒவ்வொன்றாகச் சுருட்டித் திணித்திருக்கிறார். நானூறு வருடம் மக்காது என்று ஊருக்குச் சொன்ன சாமானை என் வீட்டுச் சாக்கடையில் குடிவைத்திருக்கிறார். அத்தனையையும் ஒரு முறத்தில் அள்ளிக்கொண்டு, தெருவில் வைத்துக் கிழிக்கிறேன் என்று கிளம்பினேன். விஜயம் தன் வீட்டு வாசலில் என்னை மறித்தாள்.

"எனக்கு மொத நாளே தெரியும் நீலா. மூக்கு இல்லையா எனக்கு? நீ சொல்லிடாதே. சொன்னா அவர் அந்தப் பொடியை விட்டுடுவார். பொடியை விட்டார்னா தோய்க்கறதையும் விட்டுடுவார். எனக்கு இன்னும் ஆறு நாள் வேணும்."

கையை விரித்துக் காட்டினாள். வெடிப்பு மூடத் தொடங்கியிருந்தது. சுண்டுவிரலில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்திருந்தது. நான் முறத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பரீட்சைவரை வாயைத் திறக்காமல் அந்தச் சாக்கடையைத் தினம் நானே குத்திச் சுத்தம் செய்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகம் அதுதான்.

ஆகஸ்டில் அவள் பரீட்சை எழுதினாள். முடிவு அக்டோபரில் வந்தது. விஜயம் ஹையரில் தேறிவிட்டாள். என்னைக் கட்டிக்கொண்டு அன்றுதான் அழுதாள். கேசரி கிளறித் தெருவுக்கே கொடுத்தார்கள். பூந்திக்கொட்டைதான் அவ விரலைக் காப்பாத்தித்து என்று சேஷன் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் காபி டம்ளரைத் துண்டால் சுற்றிப் பிடித்திருந்தார். கேசரியை ஸ்பூனில் எடுத்தார். நான் உற்றுப் பார்த்தேன். வலது கட்டைவிரலில் ஒன்று, ஆள்காட்டி விரலில் ஒன்று, கோடு போட்டது மாதிரி வெடிப்பு. சோப்புப் பொடி அவருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? அவர்தான் பொடியையே தொடாதவர் ஆயிற்றே. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்துக்காக நான் வெட்கப்படப்போவதில்லை.

வெடிப்பு கண்ட மூன்றாம் நாள் சேஷன் ஒரு முடிவுக்கு வந்தார். காலம் மாறுகிறது, நாமும் மாற வேண்டும், மடி மனசில் இருந்தால் போதும், துணியைச் சுடலைமாடத்தியே தோய்க்கட்டும் என்று அறிவித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்குக் கோபமே வரலையா என்று விஜயத்தைக் கேட்டேன். அவள் ஆபீஸ் பைக்குள் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என் கைக்கு மூணு மாசம் அசையாத மடி, அவர் கைக்கு மூணு நாள்ல போயிடுத்து" என்றாள். "போறது போ. எப்படியோ போச்சே."

திங்கட்கிழமை காலை சுடலைமாடத்தி கிணற்றடிக்கு வந்தாள். முதலில் சம்பளம் பேசி முடித்தாள். சேஷன் ஒரு பித்தளைச் செம்பைக் கொண்டுவந்து வைத்தார். நானே பக்குவம் பண்ணின பூந்திக்கொட்டைப் பொடி, பிளாஸ்டிக்கே கிடையாது என்றார். அவள் மூடியைத் திறந்ததும் அதே எலுமிச்சம்பழ வாசனை சுவரைத் தாண்டி வந்தது; மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். நூல் வைத்து அறுத்த மஞ்சள் பார் சோப்புத் துண்டு, பழைய பேப்பரில் சுற்றியது. சாலைக் கடைத்தெருவில் அப்படித்தான் கொடுப்பார்கள் என்றும், இங்கே வந்த நாளிலிருந்து அதுதான் என்றும் சொன்னாள். நுரை கொஞ்சம், அழுக்கு போகும், கை எரியாது. பிளாஸ்டிக் என்று பார்த்தால் நூலளவும் இல்லை.

சேஷன் வித்துராவரை தேடிப் போன சாமான் தினமும் அவர் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டுப் போன ஒருத்தியின் மடியில் இருந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டார். சாரு கேக்கலியே என்றாள். சரி, இன்றைக்கு மட்டும் இந்தப் பொடியைப் போட்டுவிடு, வீணாகிவிடும் என்று அவர் செம்பை மறுபடியும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"அம்மா கையப் பாத்தேன். இப்பம் சாரு கையயும் பாக்கேன்" என்றாள் சுடலைமாடத்தி. "அந்தப் பொடி வேண்டாம் சாரே. எனக்கும் கைதான இருக்கு."